வேலிக்கு அப்பால் இருந்த புல்தரை: பிரான்சிஸ் வீமெட்டின் கதை

1910ஆம் ஆண்டு, 17 வயதுப் பையன் ஒருவன் தாயிடம் 25 டொலர் கடன் கேட்டான். அமெரிக்காவில் பொஸ்டன் நகரை ஒட்டியிருக்கும் புறூக்லைன் என்ற ஊர். தகப்பன் பிரெஞ்சு மொழி பேசும் கனடாக்காரர். பிறர் வீடுகளில் தோட்ட வேலையும் குதிரை வண்டி ஓட்டும் வேலையும் பார்த்தவர். தாய் அயர்லாந்திலிருந்து வந்த குடும்பம். அப்படியான வீட்டில் 25 டொலர் சும்மா கிடக்கிற காசு அல்ல. அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கப் பையன் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது கிடைத்த சம்பளம் கிழமைக்கு 4 டொலர். ஆறு கிழமைக்கு மேற்பட்ட உழைப்பு அந்தக் கடன்.

கேட்ட காசு புத்தகத்துக்கும் அல்ல, மருந்துக்கும் அல்ல. ஒரு கோல்ப் கழகத்தில் இளையோர் அங்கத்தவராகச் சேர்வதற்கு.

பையனின் பெயர் பிரான்சிஸ் வீமெட். மூன்று ஆண்டுகள் கழித்து அவன் அக்காலத்து உலகின் மிகப் பெரிய கோல்ப் ஆட்டக்காரர்கள் இருவரைத் தோற்கடித்தான். அந்த வெற்றியைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன, 2005இல் ஒரு திரைப்படமும் வந்தது. ஆனால் அவரது வாழ்க்கையை வாசிக்கும்போதெல்லாம் என் கண் நிற்கும் இடம் அந்த 25 டொலர்தான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கோல்ப் என்றால் தொலைக்காட்சியில் அலைவரிசை மாற்றும்போது ஒரு நொடி தெரிந்து மறைகிற பச்சை நிறம். இலங்கைக்கு இந்த விளையாட்டு புதிது அல்ல. கொழும்பில் 1879இலும் நுவரெலியாவில் 1889இலும் வெள்ளைக்காரர் கழகங்களை அமைத்துவிட்டார்கள். ஆனால் அவற்றின் படலைக்குள் எங்களில் எத்தனை பேர் போயிருப்போம்? எங்களுடையது வேறு வகைக் கழகம். மீள்குடியேறிய முதல் வருடத்தில், வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன்பே கரப்பந்துக்குக் கம்பு நட்டு வலை கட்டிய ஊர்கள் பல. நான் அப்படியான ஒரு கழகத்தின் நிருவாகத்தில் பல வருடம் இருந்தவன். ஆட்டம் பார்க்க வந்து, எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடும் சின்னப் பெடியளை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் யார் உள்ளே வருகிறார்கள், யார் கடைசிவரை வெளியே நின்று பிறகு காணாமலே போகிறார்கள் என்பதைத் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. சந்தாக் காசு தீர்மானிக்கும். சப்பாத்து தீர்மானிக்கும். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு மூத்தவர் இருந்தாரா என்பதும் தீர்மானிக்கும். அதனால்தான் வீமெட்டின் கதையை இங்கே சொல்ல நினைத்தேன்.

அவர் பிறந்தது 1893 மே 8ஆம் திகதி. அதே ஆண்டில்தான் புறூக்லைனில் இருந்த த கன்றி கிளப் என்ற கழகம் தன் நிலத்தில் கோல்ப் குழிகளை வெட்டியது. பொஸ்டன் செல்வந்தர்கள் 1882இல் குதிரையோட்டத்துக்கும் பொழுதுபோக்குக்கும் தொடங்கிய கழகம் அது. வீமெட் சிறு பிள்ளையாக இருந்தபோது அவரது குடும்பம் கிளைட் வீதியில் வாங்கிய வீடு, அந்த மைதானத்தின் 17ஆவது குழிக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் கழகம், நடுவில் ஒரு தெரு. தூரம் என்னவோ சில அடிகள்தான்.

பாடசாலைக்குப் போகும் குறுக்கு வழி மைதானத்தின் ஊடாகப் போனது. வழியில் புல்லுக்குள் தொலைந்த பந்துகளைப் பிரான்சிஸ் பொறுக்கிச் சேர்த்தான். மட்டை கிடைப்பதற்கு முன்பே அவனிடம் ஒரு குவியல் பந்துகள் இருந்தன. அண்ணன் வில்பிரட் அப்போதே கழகத்தில் கெடியாக வேலை செய்தான். கெடி என்றால் ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடப்பவர். பந்து எங்கே விழுந்தது என்று பார்த்து வைப்பதும், எந்த மட்டை பொருந்தும் என்று கேட்டால் சொல்வதும் அவருடைய வேலை. பொறுக்கிய பந்துகளில் ஒரு பகுதியைப் பொஸ்டன் கடையொன்றில் கொடுத்து, மாற்றாக ஒரு மட்டையை வாங்கி வந்தது வில்பிரட்தான். சகோதரர் இருவரும் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டு நிலத்தில் மூன்று குழி கொண்ட மைதானம் ஒன்றை அமைத்தார்கள். குழிகளுக்குள் புதைத்தவை வெறும் தக்காளி ரின்கள். பந்து ஒரு ஓடையைத் தாண்டிப் போகவேண்டும், இல்லாவிட்டால் தொலைந்தது. அங்கே நேராக அடிக்கப் பழகியவனுக்குப் பெரிய மைதானம் பயம் காட்டாது.

விடியற்காலையில், ஆட்கள் வருமுன் உண்மையான மைதானத்துக்குள் புகுந்து நாலைந்து குழி ஆடுவதும் உண்டு. புல்தரைக் காவலர் கண்டால் துரத்துவார். மழை நாட்கள் நல்ல நாட்கள், ஏனென்றால் காவலர் வெளியே வரமாட்டார்.

11 வயதளவில் பிரான்சிஸும் கெடியானான். ஒரு கழகத்தின் வாழ்க்கையை அவன் கற்றது அந்தப் பைச் சுமையின் கீழ்தான். ஒருவர் அடிக்க நிற்கும்போது மூச்சுக்கூடக் கேட்காமல் நிற்பது. அவரது நிழல் விழும் பக்கம் போகாதது. குழிக்குப் பக்கத்தில் மற்றவர் பந்து உருளும் பாதையில் கால் வைக்காதது. மட்டை பெயர்த்த புல்லை எடுத்துத் திரும்ப அந்த இடத்தில் வைத்து மிதிப்பது. தன் அடிகளைத் தானே எண்ணி உண்மையான கணக்கைச் சொல்வது. கோல்பில் நடுவர் பின்னால் ஓடி வருவதில்லை. குறைந்த அடிகளில் 18 குழிகளையும் முடிப்பவர் வெல்வார், எண்ணிக்கையை ஆடுபவரே சொல்லவேண்டும். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவற்றைத் தகப்பன் சொல்லிக் கொடுப்பார். பிரான்சிஸ் சம்பளத்துக்கு வேலை செய்தபடியே பார்த்துப் பழகிக்கொண்டான்.

ஒருநாள் அவன் பை தூக்கிய அங்கத்தவர் ஒருவர் நடுவழியில் நின்று, நீ ஆடுவாயா என்று கேட்டிருக்கிறார். ஆடுவேன் என்றதும், தெருவுக்கு எதிரே இருக்கும் வீட்டுக்கு ஓடிப்போய் மட்டைகளை எடுத்து வரும்படி சொன்னார். கெடிகள் மைதானத்தில் ஆடக்கூடாது என்பது கழக விதி. பையன் ஆடினான், நன்றாகவே ஆடினான். கழகக் கட்டடத்துக்குக் கிட்டவாக இருந்த 15ஆவது குழியில் கெடிகளின் மேற்பார்வையாளர் நின்று பார்ப்பதைக் கண்டதும் கை நடுங்கி, அந்த ஒரு குழியில் மட்டும் கணக்கு எங்கேயோ போய்விட்டது. வேலை போகும் என்ற பயம். வேலை போகவில்லை. வேறொரு அங்கத்தவர் தன்னிடம் இருந்த பழைய மட்டைகள் சிலவற்றை அவனுக்குக் கொடுத்தார். இப்படி இரண்டு மூன்று பெரியவர்கள், விதியை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு பிள்ளையைப் பார்த்தவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

சனிக்கிழமைகளில் அவனும் தோழனும் பிராங்ளின் பூங்காவில் இருந்த பொது மைதானத்துக்குப் போவார்கள். மட்டைப் பையுடன் ஒன்றரை மைல் நடை, பிறகு டிராம் வண்டி, மாறி இன்னொன்று, மாறி இன்னொன்று, இறங்கித் திரும்ப நடை. அங்கே ஒன்பது குழிதான். அதையே ஆறு முறை சுற்றி 54 குழி ஆடிவிட்டு வந்த வழியே வீடு திரும்புவார்கள். தெருவுக்கு எதிரே ஒரு முழு மைதானம் இருக்க, ஊரைத் தாண்டிப் போய் ஆடவேண்டியிருந்தது. வேலியின் மறுபக்கம் தன் சொந்தக் காணி தெரிய, சுற்று வழியால் போய் வருடக்கணக்காக வேறெங்கோ வாழ்ந்த எங்கள் வலிகாமத்துச் சனத்துக்கு இந்த நடையைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. இரண்டும் ஒன்றல்ல, அது தெரியும். அது ஒரு பையனின் விளையாட்டு, இது சனத்தின் வாழ்வு. இருந்தாலும் அந்த வரியை வாசித்தபோது எனக்கு நினைவில் வந்தது வேலிதான்.

உயர்தரப் பாடசாலையில் அவன் கோல்ப் அணி ஒன்றைத் திரட்டினான். பொஸ்டன் வட்டாரப் பாடசாலைகளுக்கிடையிலான போட்டியில் வென்றான். 16 வயதானதும் கெடி வேலையை விட்டான். அதற்குமேல் கூலிக்குப் பை தூக்கினால் அவன் தொழில்முறைக்காரனாகக் கணிக்கப்பட்டு, பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களுக்கான போட்டிகளில் ஆடும் உரிமையை இழப்பான் என்பது அக்காலத்து விதி. வருமானம் தேவைப்படும் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒரு விதி.

1910இல் அமெரிக்காவின் தேசிய அமெச்சூர் போட்டி எங்கே நடந்தது தெரியுமா? அதே த கன்றி கிளப்பில், அவன் வீட்டு வாசலில். பாடசாலை வெற்றியாளனுக்குக் கலந்துகொள்ள ஆசை. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட ஒரு கழகத்தின் அங்கத்தவராக இருந்தால் மட்டுமே பெயர் கொடுக்கலாம். அப்போதுதான் பக்கத்து ஊரில் இருந்த வூட்லண்ட் கோல்ப் கழகம் 25 டொலருக்கு இளையோர் அங்கத்துவம் தருவது அவனுக்குத் தெரியவந்தது. முழு அங்கத்துவம் அந்த வீட்டுக்கு நினைத்தும் பார்க்க முடியாதது. யாரோ சில நிருவாகிகள் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, இளையவர்களுக்குக் குறைந்த கட்டணம் என்று ஒரு பிரிவை வைத்திருக்கிறார்கள். அவர்கள் யாரை மனதில் வைத்து அதைச் செய்தார்களோ, தோட்டக்காரர் மகனை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தப் பிரிவு இருந்தது. அது போதுமாக இருந்தது.

தாய் காசைக் கொடுத்தார். தகப்பனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கோல்பினால் வயிறு நிறையாது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் பிள்ளை வளர்த்த எந்தத் தகப்பனும் சொல்லமாட்டான்.

அந்த ஆண்டு அவன் தகுதிச் சுற்றில் ஒரே ஒரு அடியால் வெளியேறினான். அடுத்த இரண்டு ஆண்டுகளும் தகுதி பெறவில்லை. துணிக்கடையை விட்டு விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். 1913இல் மாநிலப் போட்டியை வென்றான், தேசிய அமெச்சூர் போட்டியில் முதல் முறையாகத் தகுதி பெற்று இரண்டாம் சுற்றில் தோற்றான். அங்கே அவனைக் கவனித்த அமெரிக்க கோல்ப் சங்கத் தலைவர், அடுத்து வரும் திறந்த போட்டியிலும் பெயர் கொடுக்கும்படி கேட்டார். எடுத்த லீவு முடிந்துவிட்டது. முதலாளியிடம் மறுபடி கேட்கக் கூச்சம். முதலாளி தானாகவே அனுப்பி வைத்தார்.

1913 செப்டெம்பரில் நடந்த அந்த அமெரிக்கத் திறந்த போட்டியும் த கன்றி கிளப்பில்தான். இங்கிலாந்திலிருந்து ஹரி வார்டனும் ரெட் றேயும் வந்திருந்தார்கள். வார்டன் அதற்குள் பிரித்தானியத் திறந்த போட்டியை ஐந்து முறை வென்றவர், றே முந்தைய ஆண்டு வென்றவர். அவர்கள் வசதிக்காகப் போட்டியையே செப்டெம்பருக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். ஒன்றைச் சொல்லவேண்டும்: வார்டனும் தோட்டக்காரர் ஒருவரின் மகன், அவரும் சிறுவயதில் பை தூக்கியவர். தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பல கழகங்கள் பிரதான கட்டடத்துக்குள்ளேயே விடாத காலம் அது. அமெரிக்கத் திறந்த போட்டியில் அவர்களுக்குக் கட்டடக் கதவு திறந்தது 1920இல் டொலீடோ நகரில்தான். ஆகவே அந்தக் கிழமை புறூக்லைனில் மோதியது ஏழையும் பணக்காரரும் அல்ல. புல்வெட்டியவர்களின் பிள்ளைகள் ஒருவரோடொருவர் ஆடினார்கள், நிலத்துக்கு உரியவர்கள் கயிற்றுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள்.

வீமெட்டின் பை தூக்கியவன் எடி லோவரி, வயது 10. பாடசாலைக்குப் போகாமல் களவாக வந்தவன். பை அவன் உயரத்துக்குக் கிட்டவாக இருந்தது. நான்கு சுற்று முடிவில், மழையில் நனைந்த தரையில், மூவரும் 304 அடிகளில் சமன். அதற்குக்கூட வீமெட் கடைசி ஆறு குழிகளில் இரண்டு அடிகளை மீட்கவேண்டியிருந்தது. இரண்டாவதை மீட்டது 17ஆவது குழியில், தன் வீட்டுக்கு எதிரே, நீண்டு உருண்டு விழுந்த ஒரு பந்தால். மறுநாள் 20ஆம் திகதி மூவருக்கும் மேலதிகச் சுற்று. ஆட்டம் தொடங்குமுன் எடியை விலக்கிவிட்டு அனுபவமுள்ள பெரியவர் ஒருவரைப் பை தூக்க வைக்கும்படி சிலர் வற்புறுத்தினார்கள். சின்னவனின் கண் கலங்கியது. வீமெட் மறுத்துவிட்டார். நாட்டின் மிகப் பெரிய ஆட்டத்துக்குப் போகும் காலையில், பத்து வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எடுத்த முடிவு.

முதல் ஒன்பது குழி சமன். பிறகு வீமெட் முந்தினார். 17இல் ஒரு அடி பின்னால் இருந்த வார்டன் குறுக்கே அடிக்கப் பார்த்து மணற்குழிக்குள் விழுந்தார். முடிவு: வீமெட் 72, வார்டன் 77, றே 78. சனம் அவரைத் தோளில் தூக்கியது. காசு நீட்டினார்கள், வாங்கவில்லை. எடிக்காகத் தொப்பி ஒன்று சுற்றி வந்தபோது அதில் காசு போட்டவர்களில் அவரும் ஒருவர்.

இதற்குப் பிறகு அமெரிக்காவில் கோல்ப் பரவிய வேகத்துக்கு இந்த வெற்றியே காரணம் என்று எழுதுவார்கள். ஓரளவு உண்மை. ஆனால் எல்லோருக்கும் படலை திறந்தது என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். அமெரிக்கத் தொழில்முறை கோல்ப் சங்கம் 1934இல் வெள்ளையர் மட்டும் என்ற விதியைத் தன் யாப்பிலேயே எழுதி வைத்தது. அது நீக்கப்பட்டது 1961இல். வீமெட்டைப் போலவே பை தூக்கி வளர்ந்த கறுப்பினப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கடைசிவரை பையோடு நின்றார்கள். யாப்பில் எழுதி ஒதுக்கினால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததா?

வீமெட்டுக்கும் அடி விழுந்தது. 1914இல் தேசிய அமெச்சூர் போட்டியை வென்றவர், இரண்டு ஆண்டுகள் கழித்து நண்பரோடு சேர்ந்து விளையாட்டுப் பொருட் கடை நடத்தியதைக் காட்டி, கோல்பால் பிழைப்பவர் என்று சொல்லி அமெரிக்க கோல்ப் சங்கம் அவரது அமெச்சூர் தகுதியைப் பறித்தது. பரம்பரைச் சொத்து உள்ளவனுக்கு இந்த விதி உறைக்காது. கடை வைத்துப் பிழைப்பவனுக்குத்தான் உறைக்கும். நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. அவர் சத்தம் போடவில்லை. முதலாம் உலகப் போரில் இராணுவத்தில் சேர்ந்தார், 1918இல் தகுதி திரும்பக் கிடைத்தது. 1931இல், முதல் வெற்றிக்கு 17 ஆண்டுகள் கழித்து, தேசிய அமெச்சூர் பட்டத்தை மறுபடி வென்றார். தொழில்முறை ஆட்டக்காரராக ஒருநாளும் மாறவில்லை. பொஸ்டனில் நிதித்துறையில் வேலை பார்த்தபடியே வாழ்ந்து 1967 செப்டெம்பர் 2ஆம் திகதி காலமானார். எடி லோவரி மேற்குக் கரைக்குப் போய் வாகன வியாபாரத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தார். இருவரின் நட்பும் கடைசிவரை முறியவில்லை.

1949இல் பொஸ்டன் நண்பர்கள் சிலர் அவரைக் கௌரவிக்க நினைத்தபோது, அவர் பெயரில் கெடிகளுக்கான புலமைப்பரிசில் நிதியம் ஒன்று உருவானது. மசாசுசெட்ஸ் மாநிலத்துக் கோல்ப் கழகங்களில் பை தூக்கும் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போவதற்கான உதவி. இன்று அது புல்தரை பராமரிப்பவர்களுக்கும் கழகக் கடைகளில் வேலை செய்பவர்களுக்கும் கிடைக்கிறது, பெண் பிள்ளைகளும் பெறுகிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் படித்து வெளியேறிவிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த ஒன்று, பிள்ளை நன்றாகக் கோல்ப் ஆடவேண்டும் என்று நிதியம் கேட்பதில்லை. கழகத்தில் குறிப்பிட்ட காலம் வேலை செய்திருக்கவேண்டும், வீட்டில் தேவை இருக்கவேண்டும். எங்கள் நாட்டிலும் வெளிநாட்டிலும் ஊர்ச் சங்கங்கள் பிள்ளைகளுக்குக் காசு அனுப்புகின்றன, நல்ல காரியம். ஆனால் பெரும்பாலும் ஒன்பது ஏ எடுத்த பிள்ளையைத் தேடித்தான் அனுப்புகிறோம். பின்னேரம் மைதானத்துக்குத் தண்ணீர் அடித்து, கோடு போட்டு, வலையைச் சுருட்டி வைத்துவிட்டு இருட்டில் வீட்டுக்குப் போகும் பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

1951இல் ஸ்கொட்லாந்தின் சென்ற் அன்ட்றூஸ் றோயல் கழகம், கோல்ப் உலகின் தாய்வீடு போன்ற இடம், வீமெட்டைத் தன் தலைவராகத் தெரிவு செய்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் அமெரிக்கர் அவர்தான். அங்கே பழைய வழக்கம் ஒன்று உண்டு. புதிய தலைவர் பதவியேற்கும் காலையில் முதலாம் குழியின் தொடக்கத்தில் நின்று ஒரே ஒரு பந்தை அடிப்பார், பீரங்கி ஒன்று வெடிக்கும். தூரத்தில் கெடிகள் வரிசையாகக் காத்து நிற்பார்கள். பந்து விழுந்ததும் எல்லோரும் ஓடுவார்கள். அதை எடுத்துக்கொண்டு வந்து தலைவரின் கையில் கொடுப்பவருக்கு அவர் ஒரு தங்க நாணயம் கொடுக்கவேண்டும். அன்று 58 வயதான வீமெட் பந்தை அடித்தார். கெடிகள் ஓடினார்கள். ஒருவர் பந்தோடு திரும்பி வந்தார். தக்காளி ரின்னுக்குள் பந்து தள்ளிப் பழகியவர் நாணயத்தை அவர் கையில் வைத்தார்.